கசிவை வென்ற மேதை சார்லஸ் பார்சன்ஸ்

ஜேம்ஸ் வாட், ஃபாரடே, எடிசன் ஆகியோரைப் பள்ளிப் பாடநூல்களிலேயே நாம் அறிந்துகொள்கிறோம். ஆனால் அனல்மின் நிலையங்களில் இரவும் பகலும் சுழன்றுகொண்டிருக்கும் நீராவி டர்பைனை உலகுக்கு அளித்த சர் சார்லஸ் அல்ஜெர்னான் பார்சன்ஸ் என்னும் பெருமகனாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரது வாழ்க்கையை என்னால் இயன்ற அளவு நம் கல்லூரித் தோழர்களுக்கும் தோழியர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. நான் ஆவடியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வட்டாரம் இயந்திரங்களால் சோறுண்ணும் வட்டாரம். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் கால்கொண்டது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1987-இல் ஆவடியிலேயே எஞ்சின் தொழிற்சாலை ஏற்பட்டது. அங்கு உருவாகும் டி-72 டாங்கியின் 780 குதிரைத்திறன் எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதற்கென்று ஒரு சிறிய மையவிலக்குக் கம்ப்ரசர் பொருத்தப்பட்டிருக்கிறது. டி-90 டாங்கியின் 1000 குதிரைத்திறன் எஞ்சினில் அதே வேலையை டர்போசார்ஜர் செய்கிறது. இந்த இரண்டு தொழிற்சாலைகளும் 2021 அக்டோபர் முதல் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்திகள் நிகாம் என்னும் நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன.

வேகமாகச் சுழலும் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் காப்பது எப்படி, இயந்திரம் செய்யும் வேலையை நேர்மையாக அளப்பது எப்படி என்னும் இரு கேள்விகள் கம்ப்ரசர்த் தொழிலில் ஈடுபட்ட ஒவ்வொருவருக்கும் உண்டு. இவ்விரண்டுக்கும் விடை தேடியே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பார்சன்ஸ்.

பிறப்பும் இளமையும்

பார்சன்ஸ் 1854-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை மூன்றாம் ராஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ். அயர்லாந்து நாட்டில் பர் என்னும் ஊரில் இருந்தது அவர்களது கோட்டை. பிரபு என்றவுடன் வேட்டையும் விருந்துமாகப் பொழுது போக்கியவர் என்று எண்ணிவிட வேண்டா. அவர் ஒரு வானியல் அறிஞர். 1845-இல் ஆறடி விட்டமுள்ள உலோகக் கண்ணாடியைத் தம் கோட்டையிலேயே வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய தொலைநோக்கியை அமைத்தவர். தாயார் மேரி, புகைப்படக் கலையில் முன்னோடியாக விளங்கியவர். ஆகவே உலைக்களமும் பட்டறையும் தொலைநோக்கியுமே சார்லஸின் விளையாட்டுத் திடலாயின.

பிரபுவின் மைந்தர்கள் பள்ளிக்கூடம் சென்றதில்லை. வானியல் அறிஞர்களே வீட்டிற்கு வந்து பாடம் சொன்னார்கள். பிள்ளைகள் தாங்களே நீராவி வண்டி ஒன்றைச் செய்து ஊர்த் தெருக்களில் ஓட்டினார்கள். ஆனால் இளமையின் அந்த மகிழ்ச்சியில் ஒரு பெருந்துயரும் கலந்தது. 1869 ஆகஸ்டு 31-ஆம் நாள், அவ்வண்டி ஒரு வளைவில் திரும்பியபோது உறவினரான மேரி வார்டு அம்மையார் கீழே விழுந்து சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார். நுண்ணோக்கி பற்றி நூல்கள் எழுதிய அறிவியல் எழுத்தாளர் அவர். அப்போது வண்டியில் இருந்த சார்லஸுக்கு வயது 15. இயந்திரம் என்பது விளையாட்டுப் பொருளன்று என்பதை அந்த வயதிலேயே அவர் கண்ணெதிரே கண்டார்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் கணிதம் பயின்று 1877-இல் உயர்ந்த தகுதியுடன் தேறினார். பிரபுவின் மகன், கணிதத்தில் தேர்ந்தவர். விரும்பியிருந்தால் அரசுப் பதவியோ பேராசிரியர் நாற்காலியோ கிடைத்திருக்கும். அவரோ நியூகாசில் நகரில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் எல்ஸ்விக் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். எண்ணெய்க் கறை படிந்த கையோடு லேத்தின் முன் நின்று தொழில் கற்றார். பட்டம் பெற்றபின் பட்டறைக்குப் போவதா என்று தயங்கும் நம் போன்ற இளைஞர்கள் கருத வேண்டிய செய்தி இது.

படிப்படியாக என்னும் மந்திரம்

1884-இல் கேட்ஸ்ஹெட் நகரிலிருந்த கிளார்க் சாப்மன் நிறுவனத்தில் இளைய பங்குதாரராகச் சேர்ந்து மின்சாரப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அந்நாளில் மின்னாக்கியைச் சுழற்றப் பிஸ்டன் எஞ்சினையே நம்பியிருந்தார்கள். பிஸ்டன் முன்னும் பின்னுமாக ஓடும், அதன் வேகத்திற்கு எல்லை உண்டு, அதிர்வும் மிகுதி. நீராவி நேரடியாக ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன என்று பலர் எண்ணிப் பார்த்துத் தோற்றிருந்தனர். அழுத்தம் மிகுந்த நீராவியை ஒரே பாய்ச்சலில் விரியவிட்டால் அது நொடிக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் வேகத்தில் பீறிடும். அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்கும் சக்கரம் சிதறிப்போகும்.

பார்சன்ஸ் கண்ட வழி மிக எளியது. மாடியிலிருந்து ஒரே தாவலில் குதிப்பவனுக்குக் கால் முறியும். படிகளில் இறங்குபவனுக்குத் துன்பமில்லை. அதுபோல நீராவியின் அழுத்தத்தை ஒரே இடத்தில் இழக்கச் செய்யாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பல வரிசைத் தகடுகளின் வழியே சிறிது சிறிதாக இறங்கச் செய்தார். ஒவ்வொரு படியிலும் வேகம் அளவோடு இருந்தது. எல்லாப் படிகளும் சேர்ந்து ஒரே தண்டைச் சுழற்றின. 1884 ஏப்ரலில் இதற்கு உரிமம் கோரினார். அவ்வாண்டு அவர் செய்த முதல் டர்பைன் நிமிடத்திற்கு 18,000 சுற்றுகள் சுழன்று சுமார் 7.5 கிலோவாட் மின்சாரம் தந்தது. அவ்வளவு வேகத்தில் தண்டு சிறிது தள்ளாடினாலும் தாங்கும்படி எண்ணெயில் மிதக்கும் வளையங்களாலான பேரிங்கையும் அவரே வகுத்தார். அந்த இயந்திரம் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உரிமை இழந்தும் உள்ளம் தளராமை

1889-இல் கிளார்க் சாப்மன் கூட்டு முறிந்தது. பார்சன்ஸ் ஹீட்டன் என்னுமிடத்தில் தம் பெயரில் தனித் தொழிற்சாலை தொடங்கினார். ஆனால் அவர் கண்டுபிடித்த டர்பைனின் உரிமங்கள் பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டன. தாம் பெற்ற பிள்ளையைத் தாமே தூக்க முடியாத நிலை என்று சொல்லலாம். அவர் சோர்ந்து உட்காரவில்லை. தண்டின் நெடுகே நீராவி ஓடும் அமைப்பு தானே தடுக்கப்பட்டது? மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஆரப்போக்கில் நீராவி ஓடும் வேறொரு டர்பைனை வகுத்து உரிமச் சிக்கலைத் தாண்டினார். ஐந்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1894-இல் தம் பழைய உரிமங்களை மீட்டுக்கொண்டார்.

இக்காலத்தில் அவரை வருத்திய பழி ஒன்று உண்டு. டர்பைன் நீராவியை விழுங்கும் பூதம் என்றும், அதே அளவு மின்சாரத்திற்குப் பிஸ்டன் எஞ்சினைவிட மிகுதியாக நிலக்கரி கேட்கிறது என்றும் பலர் ஏளனம் செய்தனர். தொடக்கத்தில் அதில் உண்மையும் இருந்தது. பார்சன்ஸ் அதை மறுத்து அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. 1891-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூயிங்கை அழைத்துத் தம் புதிய இயந்திரத்தைச் சோதனையிட ஒப்படைத்தார். செலவான நீராவி எவ்வளவு, கிடைத்த மின்சாரம் எவ்வளவு என்று யூயிங் அளந்து பார்த்தார். நல்ல பிஸ்டன் எஞ்சினுக்கு டர்பைன் இளைத்ததன்று என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. தேர்வு என்றால் அஞ்சும் நமக்கு நடுவே, தாமே தேர்வாளரைத் தேடிச் சென்று அழைத்தவர் பார்சன்ஸ்!

கசிவும் அதை அடக்கிய வளைவழியும்

டர்பைன் நீராவியை வீணாக்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் கசிவு. தண்டு சுழல வேண்டுமானால் அதற்கும் கூட்டுக்கும் இடையே இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் நீராவி கசியும். நம் வீட்டுக் குழாயில் கயிறு சுற்றி இறுக்குவதுபோல் அடைத்துவிட்டால், நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் தண்டு அதை நொடியில் எரித்துவிடும். தொடாமலே தடுக்க வேண்டும். இதுதான் சிக்கல்.

இங்கும் பார்சன்ஸ் தம் பழைய மந்திரத்தையே கையாண்டார். ஒரே இடுக்கு வைப்பதற்குப் பதில், கத்தி முனைபோன்ற வளையப் பற்களை வரிசையாக அமைத்தார். முதற்பல்லின் இடுக்கில் புகுந்த நீராவி வேகமாகப் பாய்ந்து, அடுத்துள்ள சிறு அறையில் சுழன்று தன் வேகத்தை இழக்கிறது. மீண்டும் அடுத்த பல்லில் புதிதாகப் புறப்பட வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. வழி நீள நீள நீராவி களைத்துப்போகிறது. வழி தெரியாமல் சுற்றவைக்கும் புராதனச் சிக்கல் மாளிகையின் பெயரால் இதனை லாபிரிந்த் சீல் என்று அழைக்கிறார்கள். டர்பைனில் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி வேலை வாங்கினார். சீலில் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கிக் கசிவைக் கட்டினார். கருத்து ஒன்றே!

இன்று உலகெங்கும் தொழிற்சாலைகளில் ஓடும் மையவிலக்குக் கம்ப்ரசர்களில் இந்த லாபிரிந்த் சீல் இல்லாதது அரிது. ஒவ்வொரு சக்கரத்தின் வாய்ப்புறத்திலும், படிகளுக்கு நடுவே தண்டைச் சுற்றியும், கடைசியில் தண்டின் உந்துவிசையைச் சமன்செய்யும் உருளையிலும் அது இருக்கும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். சென்ற விடுமுறையில் அவருடைய அனுமதியோடு அப்பட்டறைக்குச் சென்றேன். பழுதுபார்க்க வந்த கம்ப்ரசர் ஒன்றின் அலுமினிய சீல் வளையங்கள் இரு பாதிகளாக மேசைமேல் கிடந்தன. பற்கள் பல இடங்களில் மழுங்கி வளைந்திருந்தன. பார்த்தால் ஒன்றும் பெரிய குறையாகத் தோன்றவில்லை. அண்ணன் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துக் காட்டி, 0.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.4 ஆகிவிட்டது என்றும், இதற்காகவே புதிய வளையம் கடைகிறோம் என்றும் சொன்னார். இந்த மயிரிழை வேறுபாட்டுக்கா இத்தனை பாடு என்று எனக்கு வியப்பு.

வீடு திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டைச் சுற்றி 0.2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், அதன் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 126 சதுர மில்லிமீட்டர். இது 12.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஓட்டைக்குச் சமம். விரல் நுழையும் ஓட்டை! இடைவெளி இருமடங்கானால் கசியும் காற்றும் ஏறத்தாழ இருமடங்காகும். பற்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் கசிவு குறையும். ஆனால் அந்த வேகத்தில் குறையாது. பற்களை நான்கு மடங்காக்கினால்தான் கசிவு ஏறத்தாழப் பாதியாகும். எனவேதான் அம்பத்தூர் லேத்தில் நிற்பவர் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாடுபடுகிறார்.

நச்சு வாயுவோ தீப்பற்றும் வாயுவோ அழுத்தப்படும் இடங்களில் லாபிரிந்த் மட்டும் போதாது. அங்கெல்லாம் முன்பு எண்ணெய்ப் படலத்தால் தடுத்து வந்தார்கள். 1970-களின் பிற்பகுதி முதல் உலர் வாயு சீல் என்பது பரவியது. சுழலும் வளையம் ஒன்று, நிலையான வளையம் ஒன்று. முகத்தில் நுண்ணிய பள்ளங்கள். சுழலும்போது பள்ளங்களில் ஏறும் வாயுவே இரு முகங்களையும் மைக்ரான் கணக்கில் சிறிது விலக்கி நிறுத்தும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தகைய சீலின் இரு பக்கங்களிலும்கூட லாபிரிந்த் வளையங்களைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள். பார்சன்ஸின் பிள்ளை முதுமையடையவில்லை!

கடலில் கண்ட வெற்றி

தரையில் வென்ற டர்பைனைக் கப்பலில் ஏற்ற விரும்பினார் பார்சன்ஸ். 1894-இல் டர்பினியா என்னும் சிறு கப்பலைக் கட்டத் தொடங்கினார். முதல் ஓட்டங்களில் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. 20 கடல்மைலை எட்டவே திணறியது. டர்பைனில் குறையா, சுழல்விசிறியில் குறையா? ஊகத்தில் இறங்காமல் அளவையில் இறங்கினார் அவர். தண்டில் செல்லும் திறனை அளந்தார். கண்ணாடிச் சாளரம் வைத்த நீர்த்தொட்டி ஒன்றைச் செய்து, அதில் சிறு சுழல்விசிறியைச் சுழற்றி, விட்டுவிட்டு எரியும் ஒளியில் உற்றுப் பார்த்தார். விசிறி மிக வேகமாகச் சுழல்வதால் தண்ணீரில் வெற்றிடக் குமிழிகள் தோன்றி உந்துதல் வீணாவதைக் கண்டார். ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று விசிறிகள் என்று மாற்றினார். மீண்டும் படிப்படியாகப் பகிர்ந்தளிக்கும் அதே முறை!

1897 ஜூன் 26-ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் வைரவிழாவை ஒட்டி ஸ்பிட்ஹெட் கடற்பரப்பில் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்றன. அவற்றின் நடுவே டர்பினியா மணிக்கு 34 கடல்மைல் வேகத்தில் பாய்ந்து சென்றது. காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. உலகம் மூக்கில் விரல் வைத்தது. அக்கப்பலை நியூகாசில் டிஸ்கவரி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

வெற்றிக்குப் பின் சோதனையும் வந்தது. டர்பைன் பூட்டிய வைப்பர், கோப்ரா என்னும் இரு போர்க்கப்பல்களும் 1901-இல் ஏழு வார இடைவெளிக்குள் அழிந்தன. ஒன்று மூடுபனியில் பாறையில் மோதியது. மற்றொன்று வடகடலில் இரண்டாக உடைந்து பலர் மாண்டனர். மாண்டவர்களில் பார்சன்ஸின் சொந்த ஊழியர்களும் இருந்தனர். டர்பைன் இவ்வழிவுகளுக்குக் காரணமன்று என்றாலும் பழி ஓயவில்லை. அவர் அத்துயரைத் தாங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். 1906-இல் டிரெட்நாட் போர்க்கப்பலும், 1907-இல் லூசிடானியா, மாரிடானியா என்னும் மாபெரும் பயணக் கப்பல்களும் டர்பைன் பூட்டியே பணியைத் தொடங்கின.

கம்ப்ரசரில் கற்ற பாடம்

டர்பைனைத் தலைகீழாக இயக்கினால், அதாவது நாம் அதன் தண்டைச் சுழற்றினால், அது காற்றை அழுத்தும் கருவியாகிவிடும் என்பதை 1884 உரிமத்திலேயே பார்சன்ஸ் கருதியிருந்தார். 1901 முதல் அச்சுப்போக்குக் கம்ப்ரசர்களைச் செய்து உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் விற்கத் தொடங்கினார். 1907 வாக்கில் கொடுத்து முடித்தவையும் ஆர்டரில் இருந்தவையுமாக ஏறத்தாழ 40 ஆயின. ஆனால் அவற்றின் திறமை அவருக்கு நிறைவளிக்கவில்லை. டர்பைனில் நீராவி பள்ளத்தில் இறங்கும் நீர்போல் தகடுகளை ஒட்டியே ஓடும். கம்ப்ரசரிலோ காற்று மேட்டில் ஏற வேண்டும். சிறிது முரண்பட்டாலும் தகட்டை விட்டு விலகிச் சுழலிட்டுவிடும். இதற்குரிய காற்றியக்க அறிவு அன்று உலகில் எங்கும் வளர்ந்திருக்கவில்லை. 1926-இல் கிரிஃபித் என்னும் அறிஞர் விமான இறக்கைக் கோட்பாட்டால் விளக்கிய பிறகே அச்சுப்போக்குக் கம்ப்ரசருக்கு நல்ல காலம் பிறந்தது.

பார்சன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தாம் பெற்றெடுத்த அமைப்பாயிற்றே என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 1908-இல் அதன் உற்பத்தியை நிறுத்தினார். மையத்தில் காற்றை வாங்கி விளிம்புக்கு வீசி எறியும் மையவிலக்குச் சக்கரங்களுக்கே திரும்பி, அவற்றைப் பல படிகளாக அடுக்கித் தேவையான அழுத்தத்தைப் பெற்றார். தயிர் கடையும்போது மத்தைச் சுற்றித் தயிர் விளிம்புக்கு ஏறுகிறதே, அந்த விசைதான் இது. வேகம் பெற்ற காற்று, விரிந்துசெல்லும் பாதையில் நிதானமடையும்போது வேகம் அழுத்தமாக மாறுகிறது.

இத்தகைய கம்ப்ரசர் நன்றாக வேலை செய்கிறதா என்று கண்டறிவது எப்படி? நமக்குத் தெரிந்த சைக்கிள் பம்ப்பையே எடுத்துக்கொள்வோம். காற்றடிக்கும்போது அதன் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? காற்றை அழுத்தினால் வெப்பம் ஏறும். 30 டிகிரி செல்சியஸ் காற்றை மூன்று மடங்கு அழுத்தத்திற்கு ஏற்றினால், இழப்பே இல்லாத கற்பனை இயந்திரத்தில் வெப்பநிலை ஏறக்குறைய 112 டிகிரி உயரும். 80 விழுக்காடு திறமையுள்ள இயந்திரத்தில் 140 டிகிரி உயரும்; 70 விழுக்காடு என்றால் 160 டிகிரி உயரும். ஆகவே நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் துல்லியமாக அளந்தால், இயந்திரம் எவ்வளவு ஆற்றலை வீணாக்குகிறது என்பது புலப்பட்டுவிடும். அழுத்திய சூடான காற்று சீல் வழியே கசிந்து மீண்டும் நுழைவாயிலுக்கே வந்தால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும். மழுங்கிய சீலின் கதை இவ்வாறு மின்கட்டணச் சீட்டில் எழுதப்படுகிறது.

காற்றின் அளவை மிகவும் குறைத்துவிட்டாலும் ஆபத்து உண்டு. அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் காற்று பின்னோக்கி ஓடும். மீண்டும் முன்னோக்கி வரும். இயந்திரமே விக்கலெடுத்ததுபோல் குலுங்கும். இதனைச் சர்ஜ் என்பர். சோதனையின்போது இந்த எல்லை எங்கிருக்கிறது என்பதையும் குறித்துவைப்பார்கள்.

இன்று இச்சோதனைகளுக்கு உலகளாவிய விதிகள் உள்ளன. பெட்ரோலியத் தொழிலுக்கான கம்ப்ரசர்களுக்கு ஏபிஐ 617 என்னும் தரவிதி உண்டு; அதன்படி இயந்திரத்தை உரிய வேகத்தில் நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டி, அதிர்வையும் பேரிங் வெப்பத்தையும் பார்க்கிறார்கள். திறமையை அளப்பதற்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பிடிசி 10 என்னும் விதி உள்ளது. ஆலையில் அழுத்தப்போவது எரியும் வாயுவாக இருந்தால், சோதனைக்கூடத்தில் அதற்கு நிகரான ஆபத்தில்லா வாயுவைக்கொண்டு வேகத்தைக் கணக்கிட்டு மாற்றிச் சோதிக்கவும் அவ்விதி இடந்தருகிறது. நம் நாட்டில் ஐதராபாத்திலுள்ள பெல் தொழிற்சாலை மையவிலக்குக் கம்ப்ரசர்களைச் செய்கிறது. விதிகள் புதியவை, ஆனால் செய்தவன் சொல்லை நம்பாமல் அளவையை நம்பு என்னும் உணர்வு, 1891-இல் யூயிங்கை அழைத்த பார்சன்ஸின் உணர்வே.

இறுதி நாட்கள்

1884-இல் 7.5 கிலோவாட்டில் தொடங்கிய டர்பைன், 1912-இல் சிகாகோ நகருக்காக அவர் செய்த இயந்திரத்தில் 25,000 கிலோவாட்டாக வளர்ந்தது. பட்டங்களும் விருதுகளும் தேடிவந்தன. 1911-இல் சர் பட்டமும், 1927-இல் பொறியியலாளர் எவரும் அதற்குமுன் பெற்றிராத ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் பெற்றார். ஆயினும் வாழ்வில் அவருக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. ஒரே மகன் அல்ஜெர்னான் 1918-இல் முதல் உலகப்போரில் பிரான்சில் உயிர்நீத்தார். மனைவி கேத்தரினும் மகள் ரேச்சலும் 1919-இல் பெண் பொறியியலாளர் சங்கம் தோன்றக் காரணமானவர்கள்; ரேச்சல் அதன் முதல் தலைவர். போர்க்காலத்தில் ஆலைகளில் உழைத்த பெண்களைப் போர் முடிந்ததும் வீட்டிற்கு அனுப்பியதை எதிர்த்து எழுந்த சங்கம் அது. நம் கல்லூரித் தோழியர் இதனை அறிய வேண்டும்.

தந்தையின் நினைவோ என்னவோ, 1925-இல் தொலைநோக்கி செய்யும் கிரப் நிறுவனத்தை வாங்கி அழியாமல் காத்தார். செயற்கை வைரம் செய்யவும் பல்லாண்டுகள் முயன்றார். பேரழுத்தமும் பெருவெப்பமும் கொடுத்து எத்தனையோ சோதனைகள் நடத்தினார். கிடைத்த படிகங்களை மீண்டும் மீண்டும் ஆராய்ந்து, தாமோ தமக்கு முன் முயன்றவர்களோ எவரும் வைரத்தைச் செய்துவிடவில்லை என்ற முடிவுக்கு வந்தார். வைரம் கிடைத்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால் உலகம் நம்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. என் உள்ளத்தில் டர்பினியாவின் வேகத்தைவிட ஆழமாகப் பதிந்தது இச்செய்திதான்.

1931 பிப்ரவரி 11-ஆம் நாள், ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் நின்ற கப்பலில் தம் 76-ஆம் வயதில் பார்சன்ஸ் காலமானார். கப்பலுக்கு உயிரூட்டியவர் கப்பலிலேயே உயிர்துறந்தார்.

முடிவுரை

அன்புத் தோழர்களே! பார்சன்ஸ் பிரபுவின் மகன். நாமோ எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவருக்கு வாய்த்த கோட்டையும் ஆசிரியர்களும் நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் அவரை உயர்த்திய இரு பண்புகளும் விலைகொடுத்து வாங்குபவை அல்ல. பெரிய இடரைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொள்ளுதல் ஒன்று. தம் படைப்பைத் தாமே இரக்கமின்றி அளந்து பார்ப்பதும், பிறரை அளக்க விடுவதும் மற்றொன்று.

நம் வாழ்விலும் கசிவுகள் உண்டு. ஒரு நாளில் அரைமணி, ஒரு பாடத்தில் ஒரு பக்கம் என்று மயிரிழைபோல் தோன்றும் இடுக்குகளைக் கூட்டிப்பார்த்தால் அவை விரல் நுழையும் ஓட்டையாகிவிடுகின்றன. அம்பத்தூர்ப் பட்டறைகளில் லேத்தின்முன் நிற்கும் நம் அண்ணன்மார்களும் தம்பிமார்களும் அந்த இடுக்கை அன்றாடம் அளந்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்சன்ஸின் பெயரை அவர்களில் பலர் கேட்டிராமல் இருக்கலாம். ஆனால் அவரது தொழிலை அவர்களே தொடர்ந்து நடத்துகிறார்கள். அவர்களை மதிப்போம். அளந்து வாழ்ந்த அம்மேதையின் புகழ் ஓங்குக!